லெப்டொப் வாங்கப் போகும் பெற்றோருக்கு: பில்லில் நான்கு வரி எழுதி வாங்குங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்கு லெப்டொப் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் கடைசியில் இருக்கும் நான்கு வரியை மட்டுமாவது போனில் சேமித்து வையுங்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்து, பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கும் கல்வியியற் கல்லூரிக்கும் தெரிவாகும் காலம் வந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதைப் பற்றித்தான். நான் ஐ.சி.டி. படிப்பிப்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். "டீச்சர், ஐ5 நல்லமா ஐ7 நல்லமா?" "டீச்சர், டவுன்ல ஒரு கடையில 8 ஜீபி, 512 இருக்காம். எடுக்கட்டா?" பசறையிலிருந்தும், மடுல்சீமையிலிருந்தும், ஹாலிஎலயிலிருந்தும் இதே கேள்விதான். எல்லோரும் எதிர்பார்ப்பது ஆம், இல்லை என்ற ஒரு சொல் பதில். அந்தக் கேள்விக்கு நேர்மையான ஒரு சொல் பதில் கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் வர்த்தமானியில் வந்த நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. ஒரு லெப்டொப் 135,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக 100 நாள் சம்பளம். ஒரு தாய் 100 நாள் மலை ஏறிக் கொழுந்து பறித்து, அதில் ஒரு சதம் கூடச் சாப்பாட்டுக்கு எடுக்காமல் இருந்தால்தான் அந்தப் பெட்டி வீட்டுக்கு வரும். அப்படி யாராலும் இருக்க முடியாது. ஆகவே சீட்டுக் காசு, அடகு வைத்த தோடு, கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் அனுப்பிய காசு என்று எல்லாம் சேர்ந்துதான் ஒரு லெப்டொப் ஆகிறது. அந்தக் காசைக் கொடுத்து வாங்கும்போது என்ன வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயரோ தோட்டமோ கடையோ வேண்டாம். மகள் கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானாள். தாய் பாவித்த லெப்டொப் ஒன்றை 95,000 ரூபாவுக்கு வாங்கிக் கொடுத்தார். கடையில் ஒட்டியிருந்த தாளில் "கோர் ஐ7, 8 ஜீபி ரெம், 512 எஸ்.எஸ்.டி., ஏ கிரேட்" என்று இருந்ததாம். பக்கத்தில் புத்தம் புதிய ஐ3 ஒன்று சற்றுக் கூடிய விலையில் இருந்திருக்கிறது. "மூன்றை விட ஏழு பெரிசுதானே டீச்சர்" என்றார் அந்தத் தாய். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்?

பிள்ளை என்னிடம் கொண்டு வந்தபோது திறந்து பார்த்தேன். ஐ7-4600யூ. இது 2013இல் வந்த ப்ரொசஸர். உள்ளே இரண்டே இரண்டு கோர்தான். பக்கத்தில் இருந்த ஐ3 எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் 2022இல் வந்த ஐ3-1215யூ என்ற சாதாரண ஐ3இல் கூட 6 கோர் இருக்கிறது. வேகத்தில் இந்தப் பழைய ஐ7 அதன் கிட்டவும் நிற்காது.

இன்னொன்றும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் ப்ரொசஸர் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிறகோ வேண்டும். அந்தப் பிள்ளையின் ஐ7 நான்காம் தலைமுறை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தத் தாளில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. ஐ7 உண்மை. 8 ஜீபி உண்மை. 512 உண்மை. எல்லாம் உண்மையாக இருந்தும் ஒரு தாயின் காசு போய்விட்டது. பில்லில் "லெப்டொப் 1 – 95,000" என்று மட்டும் இருந்தது. அதைக் கொண்டுபோய் யாரிடம் என்ன சொல்லிச் சண்டை பிடிப்பது?

சரி, இந்த இலக்கங்களுக்கு என்னதான் அர்த்தம்?

இன்டெல் நிறுவனம் ஐ5 என்ற பெயரை 2009இல் கொண்டு வந்தது. பத்து வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு தலைமுறைக்கும் அதே பெயர்தான். ஆகவே "ஐ5" என்பது ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு வரிசையின் பெயர். அந்தந்த வருடத்து வரிசையில் ஐ3 கீழே, ஐ5 நடுவில், ஐ7 மேலே என்று மட்டும்தான் அது சொல்லும். "பத்தாம் வகுப்பில் முதலாம் பிள்ளை" என்றால் எந்தப் பாடசாலை, எந்த வருடம் என்று கேட்போம் அல்லவா? அதைப் போல. வருடத்தைச் சொல்வது கோட்டுக்குப் பின்னால் வரும் இலக்கம். 4600யூ என்றால் நான்காம் தலைமுறை. 8250யூ என்றால் எட்டு. 1215யூ என்றால் பன்னிரண்டு. கடைக்காரர் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் அந்தப் பின்பாதியைத்தான்.

இதையாவது படித்துக்கொள்ளலாம் என்றால், 2023இல் இன்டெல் பெயரையே மாற்றிவிட்டது. ஐ என்ற எழுத்தை எடுத்துவிட்டு "கோர் 5", "கோர் அல்ட்ரா 5" என்று வைத்தது. இரண்டும் ஒன்றல்ல. 2024இல் வந்த கோர் 5 120யூ உள்ளே பார்த்தால் முந்திய 13ஆம் தலைமுறையின் வழிவந்தது. அல்ட்ரா வேறு அமைப்பு. மலிவான வகைக்கு முன்பு செலெரோன், பென்டியம் என்று பெயர் இருந்தது. பெயரைக் கேட்டாலே மலிவு வகை என்று நமக்கு விளங்கும். 2023 முதல் லெப்டொப்களில் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு வெறும் "இன்டெல் ப்ரொசஸர்" என்று வைத்தார்கள். இப்போது நீங்கள் கடையில் "இதுல என்ன ப்ரொசஸர்?" என்று கேட்க, அவர் "இன்டெல் ப்ரொசஸர்" என்று சொன்னால், அது மழுப்பலா அல்லது சரியான பதிலா என்று உங்களுக்கே தெரியாது!

ஏ.எம்.டி. நிறுவனமும் இதில் குறைவில்லை. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ, ரைசன் 5 7540யூ. மூன்றையும் பாருங்கள். ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஏதோ சின்ன வித்தியாசம், இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் குறைய இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த நிறுவனம் 2022இல் அறிவித்த முறைப்படி முதல் இலக்கமான 7 என்பது 2023 மொடல் என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தக் காலத்தது என்பது மூன்றாவது இலக்கத்தில் இருக்கிறது. 7520இல் 2 என்றால் ஸென் 2, அதாவது 2019இல் முதன்முதல் வந்த வடிவமைப்பு, 4 கோர். 7530இல் 3 என்றால் ஸென் 3, 2020இல் வந்தது, 6 கோர். 7540இல் 4 என்றால் ஸென் 4, 2022இல் வந்தது. அது மட்டுமல்ல, 7520யூ உள்ள லெப்டொப்பில் ரெம் போர்ட்டிலேயே ஒட்டியிருக்கும். 8 ஜீபியோடு வாங்கினால் கடைசி வரை 8 ஜீபிதான்.

வாகனம் வாங்குபவர்களுக்கு இது உடனே விளங்கும். தயாரித்த வருடம் வேறு, பதிந்த வருடம் வேறு. 2012இல் செய்த வானை 2015இல் பதிந்திருந்தால், 2015 வான் என்று சொல்லி விற்கப் பார்ப்பார்கள். நாங்கள் விடுவோமா? புத்தகத்தைக் காட்டு என்போம். லெப்டொப்பில் மட்டும் பதிந்த வருடத்தை வாசித்துவிட்டுக் காசைக் கொடுக்கிறோம்.

2023 டிசம்பரில் இன்டெல் இதே 7520யூவைக் காட்டி, ஏ.எம்.டி. பழையதைப் புதியது போல் விற்கிறது என்று ஒரு விளக்கக் கோப்பை வெளியிட்டது. கொஞ்ச நாளில் அதை எடுத்தும் விட்டது. அடுத்த மாதமே இன்டெல்லின் கோர் 5 120யூ வந்தது. ஒருவரை ஒருவர் குறை சொல்கிறார்கள், செய்வது இருவரும்தான். வருடா வருடம் புதிய பெயர் வேண்டும், ஆனால் வருடா வருடம் புதிய சரக்குச் செய்வது செலவு. நடுவில் பெயர்தான் மாறுகிறது.

ப்ரொசஸரை விட்டுவிட்டு லெப்டொப்பின் பெயருக்கு வருவோம். "லெனோவோ ஐடியாபேட் ஸ்லிம் 3 எடுக்கப் போறேன்" என்று ஒரு மாணவன் சொன்னான். எது என்று கேட்டேன். ஸ்லிம் 3தான் என்றான். அந்தப் பெயரில் ஒரே வருடத்து 15 அங்குல வகையிலேயே ஐஏஎன்8, ஐஆர்யூ8, ஏஎம்என்8, ஏபிஆர்8 என்று முடியும் மொடல்கள் இருக்கின்றன. முதல் எழுத்து ஐ என்றால் இன்டெல், ஏ என்றால் ஏ.எம்.டி. ஐஏஎன்8இல் மலிவான என்100 வகை ப்ரொசஸர் வரும். ஐஆர்யூ8இல் 13ஆம் தலைமுறை ஐ5 வரும். வெளியே பார்த்தால் அக்கா தங்கை போல் ஒரே முகம். பெட்டியில் பெரிய எழுத்தில் ஒரே பெயர். வித்தியாசம் அடியில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில். மற்ற நிறுவனங்களும் இப்படித்தான். டெல் நிறுவனம் 2025 ஜனவரியில், நமக்குப் பழகிப்போன இன்ஸ்பிரோன், லெட்டிடியூட் என்ற பெயர்களையே விட்டுவிட்டு டெல், டெல் ப்ரோ, டெல் ப்ரோ மெக்ஸ் என்று மாற்றப்போவதாக அறிவித்தது. நேற்றுப் படித்த பாடம் இன்றைக்கு உதவாது.

கேம், டிசைன் என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற லெப்டொப் கிராபிக்ஸ் 35 வொட்டிலும் வரும், 80 வொட்டிலும் வரும். பெயர் ஒன்று, வேலை ஒன்றல்ல.

ஒரு விடயத்தில் கடைக்காரர்களின் பக்கமும் சொல்ல வேண்டும். "512 என்று சொல்லி 476தான் தந்திருக்கிறான், ஏமாத்திட்டான்" என்று இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். அது ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் பண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024ஆகக் கணக்குப் பண்ணுகிறது. 512 ஜீபி விண்டோஸில் சுமார் 476 என்றுதான் தெரியும். 1 டீபி 931 என்று தெரியும். வீணாகச் சண்டைக்குப் போக வேண்டாம்.

நம் மலையில் எழுத்தும் இலக்கமும் புதிதல்ல. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்றால் தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். அந்த எழுத்து தூளின் பருமனைச் சொல்கிறது, அவ்வளவுதான். தெமோதரைத் தொழிற்சாலையில் சொன்னாலும் கொழும்பு ஏலத்தில் சொன்னாலும் பி.ஓ.பி. என்றால் பி.ஓ.பி. ஆனால் பாவித்த லெப்டொப்பில் எழுதும் "ஏ கிரேட்" அப்படி அல்ல. இந்தக் கடையின் ஏ அடுத்த கடைக்கு பீ. யாரும் அளந்து வைத்த அளவு அதற்குக் கிடையாது.

நிறுவை விடயத்திலும் நம் மக்கள் ஏமாளிகள் அல்ல. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கழிப்பதைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகக் கேள்வி கேட்டவர்கள். தராசு முள்ளை எட்டிப் பார்க்கத் தெரிந்த அதே அம்மா, லெப்டொப் கடையில் வாய் திறக்காமல் நிற்கிறார். காரணம் விளக்கம் குறைவு அல்ல. பெட்டியில் இருப்பது ஆங்கிலம், கடையில் பேசுவது பெரும்பாலும் சிங்களம், அவருக்குத் தெரிந்தது தமிழ். கேட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு.

இனி நம்மவர்களிடம் ஒரு வார்த்தை. பதுளையிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் வியாபாரம் செய்யும் சகோதரர்களில் பலர் என் உறவுகள், என்னிடம் படித்த பிள்ளைகளின் வாப்பாமார். கோபிக்க வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த சம்பவம் நம் எல்லோருக்கும் மத்ரஸாவிலேயே சொல்லித் தரப்பட்டது. மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அவர் பொய் சொல்லவில்லை. தானியத்தில் கல்லும் கலக்கவில்லை. ஆனாலும் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட பாடம்.

அந்தத் தாளில் "கோர் ஐ7" என்பது மேலே கிடந்த காய்ந்த தானியம். "4ஆம் தலைமுறை, 2013" என்பது உள்ளே இருந்த ஈரம். பொய் சொல்லவில்லை என்பது போதாது. ஈரத்தை மேலே வையுங்கள். பழைய லெப்டொப் விற்பது தவறே அல்ல. குறைந்த காசுக்கு ஏதாவது வேண்டும் என்பவருக்கு அது உதவிதான். பழையது என்று தெரிந்து, அதற்குரிய விலைக்கு அவர் வாங்கட்டும். ஒவ்வொரு லெப்டொப்பின் முன்னாலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சின்ன அட்டை வைத்தால் போதும். மொழி உதவி தேவை என்றால் எழுதித் தர நான் தயார், காசு வேண்டாம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்கிறது. 31ஆம் பிரிவு பொருளின் தரம், மாதிரி, முன்பு பாவித்ததா என்பவை பற்றிப் பொய்யாகச் சொல்வதைத் தடை செய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. முறைப்பாட்டை, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் எந்தச் சட்டத்துக்கும் கையில் ஒரு தாள் வேண்டும். "லெப்டொப் 1" என்ற பில்லை வைத்து எந்த அதிகாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு அரச நிறுவனம் கணினி வாங்கினால் எப்படி வாங்குகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தபோது எல்காட் நிறுவனம் கேள்விப்பத்திரம் கோரித்தான் வாங்கியது. என்ன ப்ரொசஸர், எவ்வளவு ரெம், என்ன திரை என்று முதலில் எழுத்தில் வைத்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள். நமது பாடசாலைகளுக்கு அரசு வாங்கும்போதும் அதுவே முறை. அரசுக்கே எழுத்து வேண்டும் என்றால், தோட்டை அடகு வைத்தவருக்கு எவ்வளவு வேண்டும்!

ஆகவே, காசு கொடுப்பதற்கு முன் இந்த நான்கையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

1. ப்ரொசஸரின் முழுப் பெயர், கடைசி இலக்கம், கடைசி எழுத்து வரை. "ஐ5" என்று மட்டும் எழுதினால் ஏற்க வேண்டாம்.

2. ரெம் எத்தனை ஜீபி, பின்னர் கூட்ட முடியுமா முடியாதா.

3. சேமிப்பு எத்தனை ஜீபி, அது எஸ்.எஸ்.டி.யா, ஹார்ட் டிஸ்க்கா, ஈ.எம்.எம்.சி.யா. மலிவான புதிய லெப்டொப்களில் இந்த ஈ.எம்.எம்.சி. வரும், அது எஸ்.எஸ்.டி.யை விட மெதுவானது.

4. புதியதா பாவித்ததா, அடியில் உள்ள முழு மொடல் இலக்கமும் சீரியல் இலக்கமும், வொரன்டி எத்தனை மாதம், அதைத் தருவது கம்பனியா கடையா.

எழுதியது சரியா என்று கடையிலேயே பார்க்கலாம். லெப்டொப்பைப் போட்டு கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். வரும் பெட்டியில் பெர்போமன்ஸ் என்ற பகுதிக்குப் போனால் ப்ரொசஸரின் முழுப் பெயர், ரெம், டிஸ்க் எல்லாம் தெரியும். போனில் ஒரு படம் எடுங்கள். இரண்டு நிமிட வேலை. எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். அவ்வளவுதான், சண்டை தேவையில்லை, அடுத்த கடைக்குப் போங்கள்.

எழுதிய அந்த நான்கு வரியை எனக்கு அனுப்பினால், விலைக்குப் பொருந்துமா என்று சொல்கிறேன். "ஐ5 நல்லமா?" என்று கேட்டால் சொல்ல முடியாது. நான்கு வரி இருந்தால் ஒரு சொல்லில் பதில் சொல்லலாம்.

பேஸ்புக் பார்க்காத பெற்றோர்தான் நம் ஊரில் அதிகம். பள்ளிவாசல் பலகையிலோ, கோவில் சங்கத்திலோ, தோட்டத்து முன்பள்ளியிலோ இந்த நான்கு வரியை எழுதி ஒட்ட முடிந்தவர்கள் தயவுசெய்து ஒட்டுங்கள். என் பெயர் போடத் தேவையில்லை.